காத்மண்டுவின் முற்றங்களில்

நேபாளம் என்றதும் எமக்கு உடனே நினைவுக்கு வருவன எவரெஸ்ட் சிகரமும், பசுபதிநாதர் ஆலயமும், புத்தர் பிறந்த லும்பினியும்தான். நானும் அவற்றை நினைத்துக்கொண்டுதான் போனேன். 2024 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், அனர்த்த முன்னாயத்தம் பற்றிப் பெண்களுக்காக நடந்த ஒரு செயலமர்வில் பங்குபற்றக் காத்மண்டுவில் ஒரு வாரம் தங்கும் வாய்ப்புக் கிடைத்தது. மாதர் சங்கங்களோடு வேலை செய்பவள் என்ற முறையில் என்னையும் அனுப்பியிருந்தார்கள். பனிமலைகளைத் தூசியும் புகையும் மறைத்திருந்தன. ஆனால் அந்த ஒரு வாரத்தில் வேறொன்றைப் பார்த்தேன். நகரத்தின் நடுவே கட்டடம் எழுப்பாமல் விட்டு வைத்த நிலம் எத்தனை உயிர்களுக்கு ஆதாரமாகிறது என்பதே அது. அதைப்பற்றி எமது சகோதரிகளுக்குச் சொல்ல வேண்டும் என்று அங்கேயே நினைத்துக்கொண்டேன்.

ஏரியாக இருந்த பள்ளத்தாக்கு

காத்மண்டு பள்ளத்தாக்கு கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,300 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. நாற்புறமும் மலைகள். நடுவே காத்மண்டு, பாட்டன் எனப்படும் லலித்பூர், பக்தபூர் என மூன்று பழைய நகரங்கள். முற்காலத்தில் இப்பள்ளத்தாக்கு முழுவதும் ஒரு பெரிய ஏரியாக இருந்ததாம். மஞ்சுஸ்ரீ என்னும் போதிசத்துவர் தமது வாளினால் தெற்கு மலையைப் பிளந்து நீரை வடியவிட்டார் என்பது அங்குள்ளோரின் ஐதீகம். அந்த இடத்துக்குச் சோபார் என்று பெயர். பக்மதி ஆறு இன்றும் அந்த ஒடுங்கிய மலையிடுக்கின் வழியாகவே வெளியேறுகிறது.

இங்கு ஏரி இருந்தது என்பதைப் புவியியலாளர்களும் ஒப்புக்கொள்கிறார்கள். ஏரியின் அடியில் படிந்த களியும் மணலும் சில இடங்களில் பல நூறு மீற்றர் ஆழத்துக்கு இருக்கின்றன. அதன் மேல்தான் நகரம் நிற்கிறது. இதனால் வரும் ஆபத்தைச் செயலமர்வில் விளக்கியவர் ஒரு நல்ல உவமை சொன்னார். பக்தபூரில் மண்சட்டியில் உறையவைத்து விற்கும் தயிர் பெயர்போனது. அந்தச் சட்டியை மெதுவாக ஒரு தட்டுத் தட்டினால் சட்டி சற்றே அசைந்து நின்றுவிடும். உள்ளே இருக்கும் தயிரோ தொடர்ந்து ததும்பிக்கொண்டிருக்கும். சுற்றியுள்ள பாறை மலை சட்டி. நகரம் தயிரின் மேல் இருக்கிறது.

இந்திய நிலத்தட்டு இமயமலைக்குக் கீழே ஆண்டுக்கு ஏறக்குறைய 2 சென்ரிமீற்றர் அளவில் தள்ளிக்கொண்டு போகிறது. அப்படித் தள்ளும்போது பாறைகள் ஓரிடத்தில் இறுகி நிற்கின்றன. பல ஆண்டுகள் சேர்ந்த இறுக்கம் ஒரு நாள் திடீரென்று விடுபடும்போது பூமியதிர்ச்சி ஏற்படுகிறது. 1934 ஜனவரி 15 ஆம் திகதி ஏற்பட்ட பெரும் அதிர்ச்சியில் நேபாளத்தில் 8,500 க்கும் மேற்பட்டோர் இறந்தனர். 2015 ஏப்ரல் 25 ஆம் திகதி, சனிக்கிழமை, முற்பகல் 11.56 மணிக்கு 7.8 அளவிலான அதிர்ச்சி வந்தது. ஏறக்குறைய 9,000 பேர் உயிரிழந்தனர். ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள் அழிந்தன. மே 12 ஆம் திகதி மீண்டும் 7.3 அளவில் ஓர் அதிர்ச்சி.

நேபாளத்தில் சனிக்கிழமைதான் வாராந்த விடுமுறை நாள். பாடசாலைகள் பூட்டியிருந்தபடியால் பெருந்தொகையான பிள்ளைகள் தப்பினார்கள். ஆனால் இறந்தவர்களில் ஆண்களைவிடப் பெண்களே அதிகம். வீட்டுக்குள் இருந்தவர்கள் அவர்கள்தானே.

முற்றத்தைச் சுற்றிய வீடுகள்

பாட்டன் நகரில் ஒரு நேவார் குடும்பத்தின் வீட்டில் இரண்டு நாட்கள் தங்கினேன். நேவார்கள் இப்பள்ளத்தாக்கின் பழங்குடிகள். செங்கட்டி அடுக்குவதிலும் மரச் செதுக்கு வேலையிலும் கைதேர்ந்தவர்கள். வீட்டுக்காரிக்கு ஐம்பது வயதிருக்கும். நான் அவரை அக்கா என்று தமிழிலேயே அழைத்தேன். அவர் என்னைத் தங்கை என்ற பொருளில் ‘பஹினி’ என்று அழைத்தார். கட்டடக்கலை படிக்கும் அவருடைய மகள் எமக்கு இடையில் நின்று ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தாள்.

அந்த வீட்டுக்குப் போவதற்குத் தெருவில் ஒரு சிறிய வாசலுக்குள் குனிந்து நுழைய வேண்டும். இருட்டான ஓர் ஓடைபோல் சில அடிகள் சென்றதும் வெளிச்சமான முற்றம் ஒன்று விரிகிறது. நடுவே சிறு தூபி, ஒரு பக்கத்தில் கோயில், மூலையில் கிணறு. நான்கு பக்கமும் மூன்று நான்கு மாடி வீடுகள். இத்தகைய முற்றத்தை ‘பஹால்’ என்கிறார்கள். ஆதியில் பௌத்த மடங்களாக இருந்தவை இவை. பாட்டனில் இப்படியான முற்றங்கள் ஒன்றுக்கொன்று வழிவிட்டு ஊர் முழுவதும் இருக்கின்றன.

காலையில் மாடியிலிருந்து பார்த்தேன். பாட்டிமார் வெயில் காய்ந்தபடி பேரப்பிள்ளைகளுக்கு உடம்பில் எண்ணெய் தேய்க்கிறார்கள். ஒருத்தி பாயில் நெல் காயப்போடுகிறாள். பாடசாலைச் சீருடையில் பிள்ளைகள் பந்தடிக்கிறார்கள். தெருவோரங்களில் ‘பாட்டி’ எனப்படும் கூரையிட்ட திண்ணைகளும் உண்டு. வழிப்போக்கர் இளைப்பாறுவதற்காக அந்தக் காலத்தில் தருமமாகக் கட்டியவை. எமது பருத்தித்துறைத் தெருமூடிமடம் நினைவுக்கு வந்தது. இன்னும் சில இடங்களில் நிலத்துக்குக் கீழே படியிறங்கிப் போனால் கல்லில் செதுக்கிய வாய்களிலிருந்து நீர் விழுகிறது. இவற்றை ‘ஹிட்டி’ என்கிறார்கள். பாட்டன் அரண்மனைச் சதுக்கத்தில் இருக்கும் மங்கா ஹிட்டி கி.பி. 570 ஆம் ஆண்டளவில் அமைக்கப்பட்டதாம்.

அந்தச் சனிக்கிழமை

2015 இல் நடந்ததை அக்கா சொன்னார். நேவார் வீடுகளில் குசினி மேல்மாடியில் இருக்கும். காலைச் சாப்பாடு முடிந்து அவர் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். மாமியார் கீழே முற்றத்தில். மகள் அருகில். முதலில் லொறி ஒன்று போவதுபோல் சத்தம். பிறகு நிற்க முடியவில்லை. மகளை இழுத்து மேசைக்குக் கீழே தள்ளித் தானும் பதுங்கிக்கொண்டார்.

“ஓடத்தான் மனம் சொல்லியது. ஆனால் அந்த மரப்படியில் அந்த நேரம் யாராலும் இறங்கியிருக்க முடியாது. ஆட்டம் நின்ற பிறகுதான் இறங்கினோம். முற்றத்துக்கு வந்ததும் எல்லாரும் ஆட்களை எண்ணத் தொடங்கினோம். எந்த வீட்டில் எத்தனை பேர், அந்த நேரம் யார் எங்கே இருப்பார் என்பது எங்களுக்குத் தெரியும். மூலை வீட்டு ஐயாவைக் காணவில்லை என்று உடனே தெரிந்தது. ஆண்பிள்ளைகள் ஓடிப்போய்ச் செங்கட்டியை அகற்றி அவரை வெளியே எடுத்தார்கள். கால் முறிந்தது, உயிர் தப்பியது” என்றார்.

அன்றிரவு எவரும் வீட்டுக்குள் போகவில்லை. அதிர்வுகள் வந்துகொண்டே இருந்தன. மழையும் பெய்தது. தறப்பாள் கட்டி முற்றத்திலேயே படுத்தார்கள். திருவிழா விருந்துக்காகப் பொதுவில் வைத்திருந்த பெரிய செப்புப் பாத்திரங்களை எடுத்து எல்லாருக்கும் ஒரே உலையில் சோறு சமைத்தார்கள். குழாய்நீர் நின்றுபோயிருந்தது. கிணறு இருந்தது. ஒவ்வொரு வீட்டிலும் இருந்த அரிசியும் பருப்பும் நான்கு நாட்களுக்குப் போதுமாயின.

இதைக் கேட்டபோது முற்றம் எவ்வளவு நல்லது என்று நான் வியந்தேன். மகள் உடனே குறுக்கிட்டாள். “அன்ரி, எல்லா முற்றமும் நல்லதல்ல” என்றாள். முற்றம் சிறிதாகவும் சுற்றியுள்ள வீடுகள் உயரமாகவும் இருந்தால் சுவர் விழும்போது நடுவில் நிற்பவர்கள் மேலேயே விழும். பழைய மூன்று மாடி வீடுகளைச் சகோதரர்கள் செங்குத்தாகப் பிரித்து, தம் பங்கின் மேல் இன்னும் இரண்டு மாடி எழுப்பிவிடுகிறார்கள். முற்றத்தின் அகலம் அப்படியே இருக்க, சுவரின் உயரம் மட்டும் கூடிவிடுகிறது. அடுத்தது வாசல். அவர்களுடைய முற்றத்துக்கு அந்த ஒடுங்கிய வாசல் ஒன்றுதான் வழி. அதன் மேல்வளைவு வெடித்திருந்தது. அதற்குக் கீழால் போக எல்லாரும் பயந்தார்கள். முறிந்த காலோடு இருந்த ஐயாவையும் அந்த வழியாகத்தான் தூக்கிச் சென்றார்கள்.

“ஒரு முற்றத்துக்கு இரண்டு வழிகளாவது வேண்டும். அவற்றில் ஒன்று நோயாளியைக் கட்டிலோடு தூக்கிப்போகும் அளவுக்கு அகலமாக இருக்க வேண்டும். சுவரின் உயரத்தளவாவது தள்ளி நிற்க நடுவில் இடம் இருக்க வேண்டும்” என்று அவள் விரல்விட்டு எண்ணினாள்.

துண்டிக்கேல்

அடுத்த நாள் அக்காவின் தங்கையையும் சந்தித்தேன். அவர் அந்த நேரத்தில் காத்மண்டு நகரின் மையத்தில், தையல் வேலைக்காக ஓர் அறையை வாடகைக்கு எடுத்துத் தனியே இரண்டு பிள்ளைகளோடு இருந்தவர். கணவர் கட்டாரில் வேலை செய்தார். அவர் ஓடிப்போனது துண்டிக்கேல் மைதானத்துக்கு. எங்களை அந்த மைதானத்துக்கே கூட்டிச் சென்று காட்டினார்.

துண்டிக்கேல் நகரின் நடுவே இருக்கும் பெரிய புல்வெளி. ஒரு காலத்தில் வடக்கே ராணி போகரிக் குளத்திலிருந்து தெற்கே இன்று தசரத் விளையாட்டரங்கு இருக்கும் இடம்வரை ஒரே வெளியாக நீண்டு கிடந்ததாம். பிறகு ஒரு துண்டு ரத்னா பூங்கா ஆனது. ஒரு துண்டு கூட்டங்கள் நடத்தும் ‘குலா மஞ்ச்’ ஆனது. ஒரு பகுதி இராணுவத்தின் பாவனைக்குப் போனது. எஞ்சிய வெளியைச் சுற்றி இரும்புவேலி நிற்கிறது. குதிரைப் பந்தயத் திருவிழாவான கோடே ஜாத்ரா இங்குதான் நடக்கிறது. அருகே 2015 இல் இடிந்து விழுந்த தரஹரா கோபுரத்தின் இடத்தில் 2021 இல் திறந்து வைத்த புதிய கோபுரம் நிற்கிறது.

அந்தச் சனிக்கிழமை ஆயிரக்கணக்கானோர் இம்மைதானத்துக்குள் ஓடிவந்தார்கள். “மேலே விழுவதற்கு ஒன்றும் இல்லை என்ற நிம்மதி முதல் ஒரு மணித்தியாலம்தான். அதற்குப் பிறகு வேறு பயம். எனக்கு அங்கே ஒருவரையும் தெரியாது. இரவில் வெளிச்சம் இல்லை. மலசலகூடத்துக்கு எங்கே போவது? இருட்டும் வரை காத்திருந்தோம். இருட்டியதும் போகப் பயந்தோம். அதனால் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டோம். மூத்தவளுக்கு அப்போது பதின்மூன்று வயது. அவளுக்கு மாதவிடாய் வந்தது. நான் என் சேலையைக் கிழித்தேன். இரவில் அவளை நடுவில் படுக்கவிட்டு நான் விழித்திருந்தேன்” என்றார்.

மொழிபெயர்த்துக்கொண்டிருந்த பெண் இந்த இடத்தில் சற்று நிறுத்தினாள். எனக்கோ மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. பாடசாலை மண்டபங்களிலும் தேவாலய வளவுகளிலும் மரங்களுக்குக் கீழும் தறப்பாள்களுக்குள்ளும் இருந்து வந்தவர்கள் நாம். தண்ணீர் குடிக்காமல் இருட்டுக்காகக் காத்திருந்த பெண் எமது ஊர்களில் எத்தனை பேர்!

அக்காவும் தங்கையும் ஒரே பூமியதிர்ச்சியில் திறந்தவெளியை நம்பி ஓடியவர்கள்தான். அக்காவின் முற்றம் சிறியது, அதன் வாசல் ஆபத்தானது. ஆனால் அது நாளாந்தம் புழங்கிய இடம். தண்ணீர் இருந்தது, தெரிந்த முகங்கள் இருந்தன. தங்கையின் மைதானம் பெரியது, சுவர் விழும் பயமில்லாதது. ஆனால் அங்கே தங்குவதற்கான ஒன்றும் இல்லை. பூமியதிர்ச்சிக்குத் தப்பவும், தப்பிய பின் மானத்தோடு இருக்கவும் இரண்டு இடங்களின் குணமும் ஒருங்கே அமைய வேண்டும் என்பதைத்தான் அந்தச் செயலமர்வு முழுவதும் நாம் கதைத்தோம்.

யப்பான் கற்ற பாடம்

இவ்விடயத்தில் நீண்ட அனுபவம் உள்ள நாடு யப்பான் என்பதால் செயலமர்வில் அந்நாட்டைப் பற்றிய படங்களையும் காட்டினார்கள். 1923 செப்டெம்பர் 1 ஆம் திகதி நண்பகலில் டோக்கியோவில் பெரும் பூமியதிர்ச்சி ஏற்பட்டது. சமையல் நேரமாதலால் எங்கும் தீ பிடித்தது. முன்பு இராணுவ உடைக் களஞ்சியம் இருந்த ஒரு பெரிய வெறுங்காணிக்குள் சனங்கள் தட்டுமுட்டுச் சாமான்களோடும் படுக்கைகளோடும் ஓடிச் சேர்ந்தார்கள். சுற்றிவர எரிந்த தீ சுழற்காற்றாக மாறி உள்ளே புகுந்தது. அந்த ஒரு காணியில் மட்டும் ஏறக்குறைய 38,000 பேர் மாண்டார்கள். வெறும் நிலம் மட்டும் பாதுகாப்பாகிவிடாது என்பதற்கு இதைவிடக் கொடிய உதாரணம் இல்லை. இன்று அவ்விடத்தில் நினைவு மண்டபத்தோடு ஒரு பூங்கா இருக்கிறது.

அதன் பின்னர் டோக்கியோவை மீளக்கட்டியபோது மூன்று பெரிய பூங்காக்களையும், ஆரம்பப் பாடசாலைகளின் அருகிலேயே 52 சிறிய பூங்காக்களையும் அமைத்தார்கள். பாடசாலைக்குப் பக்கத்தில் அமைத்ததற்குக் காரணம் உண்டு. பிள்ளைகள் நாளாந்தம் விளையாடும் இடம் அது. தாய்மாருக்கு வழி தெரியும். ஆபத்தான நேரத்தில் எங்கே போவது என்று யோசிக்க வேண்டியதில்லை.

1995 ஜனவரியில் கோபே நகரில் ஏற்பட்ட அதிர்ச்சியில் 6,400 க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அங்கேயும் தீ பரவியது. நகாதா பகுதியில் ஒரு சிறு பூங்காவின் ஓரத்தில் நின்ற பச்சை மரங்கள் தீயை மேலே செல்லவிடாமல் மறித்தன. இலையில் நீர்ப்பிடிப்புள்ள, எப்போதும் பச்சையாக நிற்கும் மரங்களை ஓரங்களில் நட வேண்டும் என்று அவர்கள் சொல்வது இதனால்தான்.

இப்போது யப்பானின் பல பூங்காக்களில் ஒரு வகை வாங்கு இருக்கிறது. சாதாரண நாட்களில் முதியவர்கள் உட்கார்ந்து கதைப்பார்கள். அனர்த்த நேரத்தில் மேற்பலகையைக் கழற்றினால் கீழே அடுப்பு! அதேபோல் நிலத்தில் சில மூடிகள். அவற்றைத் திறந்து மேலே ஆசனமும் சுற்றிவரக் கூடாரமும் வைத்தால் மலசலகூடம். நிலத்துக்குக் கீழே தண்ணீர்த் தாங்கி. பார்ப்பதற்கு அது ஒரு பூங்காதான். பிள்ளைகள் ஊஞ்சலாடுகிறார்கள். படத்தைப் பார்த்த தங்கை சிரித்தார். “இதைச் செய்தவர்களின் வீட்டில் ஒரு பெண் பேசியிருக்க வேண்டும்” என்றார்.

கணக்குப் பார்ப்போம்

எத்தனை பேருக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்பதற்கு நிவாரண நிறுவனங்கள் ஏற்றுக்கொண்ட அளவுகோல் ஒன்று உண்டு. ஸ்பியர் நியமங்கள் என்று அதைச் சொல்வார்கள். தற்காலிகமாகத் தங்கும் இடத்தில், பாதை, சமையல், மலசலகூடம் எல்லாவற்றையும் சேர்த்து ஒருவருக்கு 45 சதுர மீற்றர் நிலம் வேண்டும். எமது கணக்கில் 100 பேருக்கு ஏறக்குறைய 18 பரப்பு. ஒருவருக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 15 லீற்றர் தண்ணீர். 20 பேருக்கு ஒரு மலசலகூடம். அவற்றில் ஆண்களுக்கு ஒன்று என்றால் பெண்களுக்கு மூன்று. உள்ளே பூட்டக்கூடிய கதவும் வழியில் வெளிச்சமும் இருக்க வேண்டும்.

பெண்களுக்கு மூன்று என்பது சலுகையாகச் சொன்னதல்ல. பெண்ணுக்கு நேரம் கூடத் தேவை. அவளோடு குழந்தையும் போகும். மாதவிடாய் இருக்கும். கர்ப்பிணிக்கு அடிக்கடி போக வேண்டும்.

காத்மண்டு பள்ளத்தாக்கில் இப்படி அவசரகாலத்தில் பயன்படுத்தக்கூடிய 83 திறந்தவெளிகளை, பெரிய அதிர்ச்சி வருவதற்கு முன்னரே, அரசாங்கமும் புலம்பெயர்வோருக்கான சர்வதேச அமைப்பும் அடையாளம் கண்டிருந்தன. 2013 இல் அரச வர்த்தமானியிலும் அவை வெளியாயின. இது நல்ல வேலை. 2015 இல் அவற்றில் பல சனங்களால் நிரம்பின. ஆனால் கடதாசியில் பெயர் இருப்பதால் மட்டும் நிலம் நிலைத்துவிடாது. துண்டிக்கேலின் ஒரு பகுதியான குலா மஞ்ச், பக்கத்தில் ஒரு பெரிய கட்டட வேலை நடந்தபோது, சில காலம் பேரூந்துத் தரிப்பிடமாக மாறியது. இது தற்காலிகம் என்றே சொல்லிப் பேரூந்துகளை விட்டார்கள். பேரூந்துக்குப் பின்னால் கடைகள் வந்தன. துண்டிக்கேலைச் சனங்களுக்குத் திறந்துவிடு என்று 2019 இல் இளைஞர்களும் முதியவர்களும் சேர்ந்து குரல் கொடுத்தார்கள்.

அதே ஆண்டு ஜூன் மாதத்தில் இன்னொன்றும் நடந்தது. நேவார்களிடையே ‘குட்டி’ என்ற பொதுநலக் கூட்டங்கள் நெடுங்காலமாக உண்டு. முற்றங்கள், கிணறுகள், திண்ணைகள், கோயில்கள், திருவிழாக்கள் எல்லாவற்றையும் பராமரிப்பவை அவைதான். அக்கா சொன்ன செப்புப் பாத்திரங்களும் அப்படி ஒரு கூட்டத்தின் சொத்துத்தான். அவற்றின் நிலங்கள் தொடர்பாக அரசாங்கம் ஒரு சட்டமூலத்தைக் கொண்டுவந்தபோது, பொதுநிலம் கைமாறிவிடும் என்று அஞ்சிப் பல்லாயிரம் பேர் வீதிக்கு வந்தார்கள். சட்டமூலத்தை அரசாங்கம் மீளப்பெற்றுக்கொண்டது. அக்காவும் போயிருந்தாராம். “முற்றத்துக்கு உறுதி எங்கே என்று கேட்டால் நான் என்ன காட்டுவேன்? நாங்கள் அதில் நெல் காயப்போடுகிறோம், பிள்ளை வளர்க்கிறோம், செத்தவரைக் கிடத்துகிறோம். அதுதான் உறுதி” என்றார்.

எமது ஊர்களுக்கு

எமது நாட்டில் இப்படியான பெரும் பூமியதிர்ச்சிகள் அரிது. ஆனால் 2004 டிசெம்பர் 26 இல் சுமாத்திராவுக்கு அருகே ஏற்பட்ட அதிர்ச்சி எமது கரைகளுக்குக் கடலை அனுப்பியதை மறக்க முடியுமா? வெள்ளமும் புயலும் ஆண்டுதோறும் வருகின்றன. போரின்போது ஓடிய ஓட்டம் எமது கால்களுக்கு இன்னும் நினைவிருக்கிறது. காரணம் எதுவாயினும், வீட்டை விட்டு ஓடும் பெண்ணுக்கு வேண்டியவை ஒன்றுதான்: கிட்டவே ஒரு மேட்டு நிலம், போக வழி, தண்ணீர், வெளிச்சம், கதவுள்ள மலசலகூடம், தெரிந்த முகங்கள்.

மீள்குடியேறிய கிராமங்களில் பொதுக்காணிகள் குறைந்து வருவதை நான் வேலைக்குப் போகும் இடங்களில் காண்கிறேன். வாசிகசாலைக்குப் பக்கத்துக் காணி, பாடசாலை மைதானம், கோயில் வீதி என்று எஞ்சியிருப்பவை சில. “சும்மா கிடக்கிற காணிதானே” என்று சொல்லித்தான் ஒவ்வொரு துண்டாகப் போகிறது. எனக்குத் தெரிந்த ஒரு கிராமத்தில் அப்படி ஒரு காணியில் கடைத்தொகுதி கட்டலாமா என்று இப்போது கதைக்கிறார்கள். கடையும் வேண்டும்தான். ஆனால் அக்காணியில் பின்னேரத்தில் வந்து இருக்கும் பெண்களிடம் இன்னும் ஒருவரும் கேட்கவில்லை. அடுத்த கூட்டத்துக்கு மாதர் சங்கத்தினர் போவதென்று தீர்மானித்திருக்கிறார்கள். நானும் போவேன்.

சகோதரிகளே, உங்கள் ஊரிலும் கிராம அபிவிருத்திச் சங்கத்திலோ பிரதேச சபையிலோ பொதுக்காணி பற்றிக் கதை எழும்போது பேசாமல் இருந்துவிடாதீர்கள். இந்தக் காணிக்கு எத்தனை வழிகள் இருக்கின்றன? கிணறு எங்கே? வெள்ளம் நிற்குமா? இரவில் வெளிச்சம் உண்டா? பெண்களுக்கு மலசலகூடம் எத்தனை? கால் ஏலாதவரைக் கொண்டுபோக முடியுமா? இக்கேள்விகளைக் கேட்பதற்குப் பெரிய படிப்பு வேண்டாம். முகாமில் ஒரு இரவு இருந்தவளுக்கு இவை எல்லாம் தெரியும்.

அதற்கு முன்பாக ஒரு சிறிய வேலையைச் செய்யலாம். அந்தக் காணியைப் பாவிக்கத் தொடங்குங்கள். பின்னேரத்தில் பிள்ளைகளைக் கூட்டிச்செல்லுங்கள். ஓரத்தில் இரண்டு வேம்பு நடுங்கள். சங்கக் கூட்டத்தை மண்டபத்தில் வைக்காமல் ஒருமுறை அங்கே வையுங்கள். தனியாக இருக்கும் முதிய அம்மாவையும் அழைத்து வாருங்கள். யாருடைய வீட்டில் யார் இருக்கிறார் என்று அப்போதுதான் எல்லாருக்கும் தெரிந்திருக்கும்.